ஆளில்லாத படம்

அச்சன்புதூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. ஆனி ஆடியில் அதன் தலை மேகத்துக்குள் இருக்கும். சாரல் வயலில் விழும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப் போக அதே காற்று வீசும், மழை இருக்காது. தென்மேற்குப் பருவத்தின் தண்ணீரை மலை தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொண்டுவிடுகிறது. கணவாய் வழியே தப்பி வருவதுதான் நம் சாரல். அதற்கப்பால் மழைமறைவு. குற்றாலத்து அருவியைப் படமெடுக்காதவர்கள் இல்லை. இந்தக் கிழக்கை எடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

நான் எடுக்கப் போனேன். முக்கால் பங்கு வானம், கீழே ஒரு பட்டை செம்மண், ஓரத்தில் ஒரு உடைமரம். வேறொன்றும் வேண்டாம். நடுவில் ஒரு ஆட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். என் காத்திருப்பு அவருக்குப் புரிந்துவிட்டது. "நான் அந்தால ஒதுங்கிக்கிடட்டா, ஐயா?" என்றார். தலையாட்டினேன். படம் நன்றாகவே வந்தது. அதிலிருந்துதான் தொந்தரவு.

அவரை ஒதுங்கச் சொன்ன ரஸனை எனக்கு எங்கிருந்து வந்தது?

நெவாடாவின் உயர்நிலப் பாலையும் மழைமறைவுதான். சியரா நெவாடா மலை பசிபிக்கின் ஈரத்தைத் தடுத்துவிடுகிறது. 1867இல் க்ளாரன்ஸ் கிங் தலைமையில் அமெரிக்க அரசு அனுப்பிய ஸர்வே கோஷ்டியோடு டிமதி ஓ'ஸலிவன் அங்கே போனார். கார்ஸன் பாலையின் மணல்மேடுகளை அவர் எடுத்த படத்தில் மணல், வெளிறிய வானம், அவருடைய இருட்டறை வண்டி, அதன் கோவேறு கழுதைகள், வண்டியிலிருந்து காமிரா வரை அவரே நடந்து வந்த கால்தடம், இவ்வளவுதான். மிகக் குறைந்ததை வைத்துக்கொண்டு பேசும் நிலக்காட்சிப் படங்களுக்கு இதை ஒரு மூதாதை என்று சொல்லலாம். ஆனால் அது பயூட் மக்கள் வாழ்ந்த நிலம். படத்தில் அவர்கள் இல்லை.

நம் பக்கத்து மூதாதை இதற்கும் முந்தியவர். கம்பெனிப் படையின் காப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1856இல் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். 1858இல் அவர் எடுத்த ஆனைமலை, மதுரையை அடுத்த அந்த ஒற்றைப் பாறை, இன்று பார்த்தாலும் நேற்று எடுத்ததுபோல் இருக்கிறது. கல், தரை, வானம். இந்தச் சிக்கனத்தில் பாதி ரசாயனத்தின் வேலை. மெழுகிட்ட காகித நெகடிவ் நீலத்துக்கே அதிகம் இணங்கும். ஆகவே வானம் வெளுத்துவிடும். ட்ரைபுக்கு இந்த வெளுப்பு பிடிக்கவில்லை. சில நெகடிவ்களில் மேகங்களைக் கையால் வரைந்து சேர்த்தார். வெளிச்சம் பதியவும் நேரமாகும். அதற்குள் அசைந்தவர்கள் பதிவாகாமல் போனார்கள். நாம் மௌனம் என்று ரசிப்பதில் ஒரு பகுதி, நிற்க நேரமில்லாதவர்களின் மறைவு. 1859இல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன் இந்த வேலையை வீண் ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார்.

அந்தப் பாறையில் சமணர் படுக்கைகள் உண்டு. அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770ஐச் சேர்ந்தது. 2010இல் அங்கே சிற்ப நகரம் அமைக்கும் யோசனை எழுந்தபோது சுற்றுக் கிராமத்தார் எதிர்த்து நின்றார்கள். வெறும் கல் என்று பார்த்தவர்கள் வெளியே இருந்தவர்கள். தரிசு, புறம்போக்கு என்று நிலத்துக்குப் பெயர் வைக்கும் கண்ணும் காமிராவின் கண்ணும் ஒரே காலத்தில் ஒரே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவை என்பதை மறக்கக் கூடாது.

1975இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் 'நியூ டோபோகிராபிக்ஸ்' என்ற கண்காட்சி நடந்தது. ராபர்ட் ஆடம்ஸ், லூயி பால்ட்ஸ் போன்றவர்கள் அதே வறண்ட மேற்கை, அதே சிக்கனத்தோடு, ஆனால் அதன் மேல் ஏறிய வீட்டு வரிசைகளையும் தொழிற்கூடச் சுவர்களையும் சேர்த்துக் காட்டினார்கள். ஆள் இல்லாவிட்டாலும் ஆளின் காரியம் இருந்தது. வெறுமைக்கு ஒரு முகவரி கிடைத்தது.

நம் மரபுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் நான்கு திணைகளுக்கு நிலம் சொல்கிறது, பாலைக்குச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம். அதாவது பாலை ஒரு நேர்ந்த நிலை. அங்கே நடுகல் உண்டு, வழிப்பறி உண்டு, கடந்து போகிறவன் உண்டு, அவனை நினைத்து வீட்டில் இருப்பவளும் உண்டு. ஆளில்லாத பாலையைச் சங்கக் கவிஞன் எழுதவில்லை. நாம் அதை எழுதவும் படமெடுக்கவும் தொடங்கியபோது எந்தக் கண்ணை இரவல் வாங்கினோம் என்று கேட்டுக்கொண்டதில்லை. சிக்கனம் குற்றமில்லை. எதைச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தோம் என்ற கணக்கு வேண்டும்.

என் படத்தைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில் ஆட்டுக் குளம்புகளின் தடம், வரிசையாக, இடது விளிம்பைத் தாண்டிப் போகிறது. முதலில் அந்த ஓரத்தை வெட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது.

வெட்டவில்லை.