'ஓல்-சீசன்' எல்லாக் காலத்துக்கும் அல்ல: குளிர்நாட்டு வீதிக்கு எந்த ரயர்?

இறுப்பிட்டியிலிருந்து 1991இல் இடம்பெயர்ந்தபோது அப்பா உருட்டி வந்தது ஒரு சைக்கிள். பொருளாதாரத் தடைக் காலத்தில் புது ரயர் எட்டாத விலை. நூல் தெரியும்வரை ஓடினார். வெடித்த இடத்தில் பழைய ரயர்த் துண்டை உள்ளே வைத்து மீண்டும் ஓடினார்.

அந்தப் பழக்கத்தோடுதான் நானும் கனடாவில் கார் வாங்கினேன். முதல் நவம்பரில், பனியே விழாத ஒரு காலை, ஸ்காபரோவில் சிவப்பு விளக்குக்குப் பிறேக் பிடித்தேன். கார் வழுக்கிச் சந்தியின் நடுவில் போய் நின்றது. குறுக்கே வாகனம் வராததால் தப்பினேன். தேய்ந்த அந்த ரயர்கள் 'ஓல்-சீசன்' வகை.

7 பாகைதான் எல்லை

பனி விழுந்தால்தான் ரயர் மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறோம். வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதே சாதாரண றப்பர் இறுகத் தொடங்கி, வீதியைப் பிடிக்கும் திறனை இழக்கிறது. ஊரில் 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது என்பதால் இந்தக் கவலை அங்கே இல்லை.

மூன்று வகை

ஓல்-சீசன்: கோடைக்கும் மழைக்கும் நல்லது. கடுங்குளிரில் இறுகும். 'எம்+எஸ்' என்ற குறி மட்டும் இருந்தால் பனிக்கு அது போதாது.

வின்ரர்: குளிரிலும் மென்மையாக இருக்கும் றப்பர், பனியைக் கவ்வும் நுண்ணிய வெட்டுகள். கோடையில் விரைவாகத் தேயும். ஆகவே இரண்டு செற் வேண்டும்.

ஓல்-வெதர்: ஆண்டு முழுவதும் ஓடலாம். மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த குறி இதில் இருக்கும். ஆனால் கடும் பனியிலும் ஐஸிலும் வின்ரர் ரயரே மேல்.

சட்டம்

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைக்குறியுள்ள ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் வின்ரர் ரயர் போட்டால் காப்புறுதி நிறுவனங்கள் 2016 முதல் கழிவு தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஜேர்மனியில் 2024 ஒக்ரோபர் முதல், பனிக்கால வீதிகளில் மலைக்குறி இல்லாத ரயர் செல்லாது.

வாங்கும்போது

நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். பழைய ரயர் என்றால் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3522 என்றால் 2022இன் 35ஆவது வாரத்தில் செய்தது. தவாளிப்பு 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் பனியில் ஓடாதீர்கள். வெப்பநிலை 5 பாகை குறைய, காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும், மாதமொருமுறை பாருங்கள்.

அதிகாலை வேலைக்கு, உப்புப் போடாத வீதியில் நெடுந்தூரம் ஓடுபவர்கள் வின்ரர் ரயரே எடுங்கள். நகருக்குள் மட்டும் ஓடுபவர்கள், இரண்டு செற் வாங்கவோ வைக்கவோ வசதியில்லாதவர்கள், ஓல்-வெதர் எடுக்கலாம்.

ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கும் உறவுக்கு முதலில் ஜக்கெற் வாங்கிக் கொடுக்கிறோம். அவர் கார் வாங்கும் நாளில் கூடப்போய், குனிந்து ரயரையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.