இரமண மகரிசியின் மதுரை–திருவண்ணாமலைப் பயணம்

இரமண மகரிசியின் மதுரை–திருவண்ணாமலைப் பயணம் என்பது, வேங்கடராமன் என்னும் இயற்பெயர் கொண்ட இரமணர் தமது பதினாறாம் அகவையில் 1896 ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 1 வரை மேற்கொண்ட பயணம் ஆகும். இவ்விரு நகரங்களுக்கும் இடையேயான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 275 கி.மீ. ஆனால் அவர் நான்காம் நாள் காலையிலேயே திருவண்ணாமலையை அடைந்தார்.

நிலப்படமும் கட்டணமும்

தமையனார் கல்லூரிக் கட்டணத்திற்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டைக் கடிதத்துடன் வைத்துவிட்டு வேங்கடராமன் வீட்டை விட்டுச் சென்றார். வழி அறிய அவர் பார்த்தது ஒரு பழைய நிலப்பட நூல். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகச் செல்லும் இருப்புப்பாதை அதில் இடம்பெறவில்லை. ஆகவே திண்டிவனமே மிக அருகிலுள்ள நிலையம் என்று கருதி, 2 ரூபாய் 13 அணாவுக்குப் பயணச்சீட்டு வாங்கினார். நிலையத்தின் கட்டணப் பலகையை மேலும் சற்றுப் படித்திருந்தால், திருவண்ணாமலைக்கான கட்டணம் சரியாக மூன்று ரூபாய் என்பதைக் கண்டிருப்பார்.

வழி

விழுப்புரம்–திருச்சி குறுக்குப்பாதை அக்காலத்தில் இல்லை. தொடர்வண்டிகள் திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர், மாயவரம் வழியாகச் சுற்றியே விழுப்புரம் சென்றன. உடன் பயணித்த இசுலாமியப் பெரியவர் ஒருவர், விழுப்புரத்தில் வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே தொடர்வண்டியில் செல்லலாம் என்று கூறினார். ஆனால் அதற்கான பணம் அப்போது கையில் இல்லை. மூன்று அணாவில் அரையணா திருச்சியில் பேரிக்காய்க்குச் செலவாகியிருந்தது.

விழுப்புரத்தில் இறங்கியவர், இரண்டு அணாவுக்கு மாம்பழப்பட்டு வரை மட்டும் சீட்டு எடுத்தார். அங்கிருந்து பத்து மைல் நடந்து அறையணிநல்லூர்க் கோயிலை அடைந்தார். பின்னர் திருக்கோயிலூரை அடுத்த கீழூரில், ஏறத்தாழ இருபது ரூபாய் மதிப்புள்ள காதுக் கடுக்கன்களை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்கும் எண்ணமின்றி அடகுச் சீட்டையும் கிழித்தெறிந்தார். மறுநாள், செப்டம்பர் 1 காலை, தொடர்வண்டியில் திருவண்ணாமலை வந்து நேரே அருணாசலேசுவரர் கோயிலுக்குள் சென்றார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அவர் அவ்வூரை விட்டு வேறெங்கும் செல்லவில்லை.

இன்றைய பயணம்

விழுப்புரம்–திருவண்ணாமலை–காட்பாடி மீட்டர்ப்பாதை 2010ஆம் ஆண்டளவில் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. சாலை வழியே மதுரையிலிருந்து திருச்சி, விழுப்புரம் வழியாக ஆறு மணி நேர அளவில் திருவண்ணாமலையை அடையலாம்.

திருவண்ணாமலையில் வானூர்தி நிலையம் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு வானில் ஒரு மணி நேரத்திற்குச் சற்றே மிகுதியாகும். எனினும் சென்னையிலிருந்து தென்மேற்கே சாலையில் மேலும் நான்கு மணி நேரம் செல்ல வேண்டியிருப்பதாலும், நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தாலும், இவ்விரு ஊர்களுக்கிடையே வானூர்தியால் நேரம் மிச்சமாவதில்லை. வெளிநாட்டிலிருந்து இரமணாசிரமம் வருவோர் பலர் சென்னை வழியையே பயன்படுத்துகின்றனர்.

பழைய நிலப்படத்தைக் கொண்டு வேங்கடராமன் எண்ணிய திண்டிவனம் வழியில் இருப்புப்பாதை அமைக்கும் திட்டம் 2000களில் தொடங்கப்பட்டது. அப்பணி நெடுங்காலமாக முடிவுறாமல் உள்ளது.