தேவைப் படிநிலைக் கோட்பாடு
மனிதரைச் செயலுக்குத் தூண்டும் தேவைகள் படிப்படியாக எழுகின்றன என்று அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943-இல் முன்வைத்த கருத்து இது. பசி, தாகம் முதலிய உடல்தேவைகளை அடுத்துப் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு ஆகியவையும், இறுதியில் தன் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தும் வேட்கையான தன்முழுமையும் அமையும். பரவலாக அறியப்பட்ட பிரமிடு வடிவம் அவர் வரைந்ததன்று.

இக்கோட்பாட்டின் பொருத்தத்தையும் வரம்பையும் சென்னை வெள்ளத்தில் காணலாம். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சென்னைப் புறநகரான தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகி, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியபோது, குடிநீருக்கும் உறைவிடத்துக்கும் மக்கள் பட்ட தவிப்பில் முதலிரு படிகளும் அப்பட்டமாகத் தெரிந்தன. ஆயினும், முன்பின் அறியாதவர்க்கு வீட்டைத் திறந்துவிட்டதும் உணவைப் பகிர்ந்ததும் அதே நாட்களில் சென்னையெங்கும் நிகழ்ந்தமையால், கீழ்த்தேவை நிறைந்த பின்னரே மேல்தேவை எழும் என்ற கறாரான விளக்கம் பொருந்துவதில்லை. வரிசை மாறக்கூடும் என மாஸ்லோவே தம் கட்டுரையில் ஏற்றிருந்தார்.