‘சொல்லப்படுகிறது’: ஏ.ஆர். காப்பியின் முதல் வரிக்குப் பின்னால் இருக்கும் நானூறு வருஷக் கதை

அடிதடி, விபத்துன்னு அரசு மருத்துவமனை கேஷுவால்ட்டிக்குப் போனவங்களுக்கு ஏ.ஆர். காப்பி தெரிஞ்சிருக்கும். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல்.

அதுல டாக்டர் எழுதுற முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“அலீஜ்டு டு ஹேவ் பீன் அசால்ட்டட் பை டூ நோன் பெர்சன்ஸ்...”

அதாவது, “தெரிந்த நபர்கள் இருவரால் தாக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.”

படிச்சுட்டு நிறைய பேர் கோபப்படுவாங்க. “என்ன சார், மண்டை உடைஞ்சு ரத்தம் ஊத்துது. சொல்லப்படுகிறதுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப நான் பொய் சொல்றேனா?”

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல 1603-ம் வருஷத்துக்குப் போகணும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாங்க.

முதல்ல இலக்கணம். ரெண்டே நிமிஷம்தான்.

ஆங்கிலத்துல “இட் இஸ் செட் தட்...”, “ஹி இஸ் பிலீவ்டு டு பி...”, “ஷி இஸ் அலீஜ்டு டு ஹேவ்...” என்றெல்லாம் எழுதுவாங்க. செய்தித்தாள், நீதிமன்றம், ஆய்வுக் கட்டுரை, அரசு அறிக்கை எல்லா இடத்திலும் இருக்கும். பள்ளிக்கூடத்துல ‘பாசிவ் வாய்ஸ்’ பாடத்தோட கடைசியில அவசரமா முடிச்சுட்டுப் போன பகுதி இது.

இந்த வாக்கியம் ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, “இது எனக்கு நேரடியாத் தெரிஞ்சது இல்ல, வேற ஒருத்தர் சொன்னது” என்று தெளிவாச் சொல்லுது. ரெண்டு, அந்த “வேற ஒருத்தர்” யாருங்கிறதை விட்டுடுது.

முதல் வேலை நேர்மை. ரெண்டாவது வேலைதான் ஆபத்து. இந்த வாக்கியத்தோட வரலாறு முழுக்க இந்த ரெண்டுக்கும் நடுவுல நடக்கிற இழுபறிதான்.

தமிழுக்கு இது புதுசில்ல. நம்ம பேச்சுத் தமிழ் இதையே ஒரே ஒரு அசையில செஞ்சிடும்.

“அவன் அடிச்சான்.” நான் பார்த்தேன்.
“அவன் அடிச்சானாம்.” நான் பார்க்கல, யாரோ சொன்னாங்க.

அந்த ‘ஆம்’ போதும். ஆங்கிலத்துக்கு “ஹி இஸ் செட் டு ஹேவ் ஹிட்”னு ஆறு சொல் தேவைப்படுது. தொல்காப்பியத்திலேயே ‘என்ப’, ‘என்மனார்’ என்ற சொற்கள் அடிக்கடி வரும். “என்று சொல்வர்”னு அர்த்தம். தனக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னதுன்னு சூத்திரத்துக்குள்ளேயே காட்டிடுறார்.

சரி, 1603.

இங்கிலாந்தில் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு. லண்டனில் பிளேக் பரவியிருந்ததால் வின்செஸ்டர் நகரத்தில் விசாரணை நடந்தது. அரசருக்கு எதிரா சதி செஞ்சார் என்பது குற்றச்சாட்டு. முக்கிய ஆதாரம் காப்ஹாம் பிரபு கொடுத்த வாக்குமூலம். ஆனா காப்ஹாமை நீதிமன்றத்துக்குக் கூட்டிட்டு வரவே இல்ல. “அவரை என் முன்னாடி நிறுத்துங்க, என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்” என்று ராலே திரும்பத் திரும்பக் கேட்டார். மறுத்துட்டாங்க.

அதைவிட மோசம் இன்னொரு சாட்சி. டயர் என்ற ஒரு மாலுமி. அவர் லிஸ்பன் போயிருந்தப்போ, அங்க ஒரு போர்த்துக்கீசியர் அவர்கிட்ட சொன்னாராம், ராலேயும் காப்ஹாமும் அரசரோட கழுத்தை அறுக்கப் போறாங்கன்னு. அந்தப் போர்த்துக்கீசியர் யாரு, அவருக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியாது.

முழுக்க முழுக்க ‘ஆம்’ சாட்சி. ராலேவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பல வருஷம் சிறையில் வெச்சு, நடுவுல வெளியே விட்டு, கடைசியில 1618-ல் தலையை வெட்டினாங்க.

கேள்விப்பட்டதை வெச்சு ஒருத்தரைத் தண்டிக்கலாமா என்ற விவாதம் வரும்போதெல்லாம் சட்ட உலகம் இந்த வழக்கைத்தான் எடுக்கும். நானூறு வருஷம் கழிச்சு, 2004-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிராஃபர்ட் வழக்கில் கொடுத்த தீர்ப்பிலும் ராலே வர்றார்.

அடுத்து நம்ம ஊர்.

1872-ல் இந்தியச் சாட்சியச் சட்டம் வருது. எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அதோட 60-வது பிரிவு சொல்றது ரொம்ப எளிமை: பார்த்ததைப் பத்தின சாட்சின்னா பார்த்தவரே வந்து சொல்லணும். கேட்டதைப் பத்தின சாட்சின்னா கேட்டவரே சொல்லணும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துடுச்சு. ஆனா இந்த அடிப்படை மாறல.

இப்ப ஏ.ஆர். காப்பியைத் திரும்பப் பாருங்க. ஒரே தாள்ல ரெண்டு விதமான இலக்கணம் இருக்கும்.

மேல: “தாக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.”
கீழ: “தலையின் இடது பக்கம் 5 செ.மீ. நீளக் கிழிந்த காயம்.”

கீழ இருக்கிறதுல ‘சொல்லப்படுகிறது’ இருக்காது. ஏன்னா அது டாக்டர் கண்ணால பார்த்தது. நாளைக்குக் கூண்டில் ஏறி நின்னு அதுக்கு அவர் பதில் சொல்லலாம். மேல இருக்கிறது நடந்தப்போ அவர் அங்க இல்ல. அதை அவர் “தாக்கப்பட்டார்”னு எழுதினா, பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதுறார்னு அர்த்தம். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியிலேயே அவரை உட்கார வெச்சிடுவார். பாதிக்கப்படப்போறது உங்க வழக்குதான்.

அதனால ‘அலீஜ்டு’ன்னா “பொய் சொல்றார்”னு அர்த்தம் இல்ல. “அவர் சொன்னார், நான் பதிஞ்சேன்” அவ்வளவுதான்.

சொன்னவரே இறந்துட்டா? அவரைக் கூண்டுல ஏத்த முடியாதே? அதுக்காகச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வெச்சிருக்கு. மரண வாக்குமூலம். பழைய சட்டத்தில் 32-வது பிரிவு.

1885-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. துலாரி என்ற பெண்ணோட கழுத்தை அறுத்துட்டாங்க. நினைவு இருக்கு, பேச முடியல. அவங்க அம்மா, போலீஸ், மாஜிஸ்ட்ரேட் எல்லாம் கேள்வி கேட்க, கையசைத்துப் பதில் சொன்னாங்க. அதுக்கப்புறம் இறந்துட்டாங்க. வாயே திறக்காத ஒருத்தரோட சைகையை வாக்குமூலமா எடுத்துக்கலாமா? எடுத்துக்கலாம்னு பல நீதிபதிகள் சேர்ந்த முழு அமர்வு சொன்னது. மருத்துவ சட்டவியல் படிக்கிறவங்க இன்னைக்கும் படிக்கிற வழக்கு இது.

ஒரு கையசைவைக்கூட நீதிமன்றம் எடுத்துக்கிச்சு. காரணம், அது யாரோட கைன்னு சந்தேகமே இல்லாம தெரியும்.

இது சட்டத்தின் வழி. இதே வாக்கியம் அறிவியல் வழியாவும் டாக்டர் பேனாவுக்கு வந்தது. அது வேற கதை.

1660-ல் லண்டனில் ராயல் சொசைட்டி தொடங்குது. அவங்களோட லத்தீன் முழக்கத்துக்கு அர்த்தம், “யார் சொன்னாங்கன்னு எதையும் அப்படியே ஏத்துக்காதே.” அந்தக் காலத்து ராபர்ட் பாயில் தன்னோட காற்று பம்ப் சோதனைகளை எழுதும்போது “நான் செய்தேன், நான் பார்த்தேன்”னுதான் எழுதினார். கூட யார் யார் இருந்து பார்த்தாங்கன்னும் சேர்த்துச் சொன்னார்.

பின்னாடி, பத்தொன்பது இருபதாம் நூற்றாண்டுகள்ல, அந்த ‘நான்’ மெல்ல மறைஞ்சது. “கண்டறியப்பட்டது”, “கவனிக்கப்பட்டது” என்பதே அறிவியல் நடை ஆயிடுச்சு. யார் செஞ்சாலும் அதே முடிவு வரணும், செஞ்சவர் முக்கியமில்லங்கிற எண்ணம்தான் அதுக்குப் பின்னாடி இருந்தது. நல்ல எண்ணம்தான்.

ஆனா “அறியப்பட்டுள்ளது” என்ற சொல் ஒரு கட்டுரையில இருந்து இன்னொன்னுக்குத் தாவும்போது என்ன ஆகும்? ஒரு உதாரணம் போதும்.

1980 ஜனவரி. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் போர்ட்டர், ஜிக் என்ற ரெண்டு பேர் எழுதிய ஒரு சின்னக் கடிதம் வந்தது. மொத்தமே அஞ்சு வாக்கியம். மருத்துவமனையில் உள்நோயாளியா இருந்து ஓபியாய்டு வலி மருந்து வாங்கின 11,882 பேர்ல, முன்னாடி போதைப் பழக்கம் இல்லாதவங்கள்ல தெளிவாப் பதிவான அடிமைத்தனம் 4 பேருக்குத்தான் வந்ததுன்னு அதுல இருந்தது.

கவனிங்க: உள்நோயாளிகள். டாக்டரும் நர்ஸும் பக்கத்துல இருக்காங்க. வீட்டுக்குக் கொண்டுபோய் மாசக்கணக்குல மாத்திரை போட்டவங்களைப் பத்தி அந்தக் கடிதம் ஒண்ணுமே சொல்லல.

அடுத்தடுத்த வருஷங்கள்ல இது என்னவா மாறுச்சு? “ஓபியாய்டு மருந்தால் அடிமையாவது அரிது என்று அறியப்பட்டுள்ளது.” யார் அறிஞ்சாங்க? யாரை வெச்சு? எவ்வளவு நாள் பார்த்து? எல்லாம் அந்தச் செயப்பாட்டு வினைக்குள்ள காணாமப் போச்சு.

2017-ல் அதே இதழில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தாங்க. அந்தக் கடிதத்தை 608 தடவை மத்தவங்க மேற்கோள் காட்டியிருக்காங்க. 72 சதவீதம் பேர் “அடிமைத்தனம் அரிது” என்பதுக்கு ஆதாரமா. 80 சதவீதத்துக்கும் மேல் “இவங்க உள்நோயாளிகள்”ங்கிறதைச் சொல்லவே இல்ல.

இடையில, 1996-ல் பர்டூ நிறுவனத்தோட ஆக்ஸிகான்டின் மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்து பத்தித் தப்பாச் சொல்லி விற்ற வழக்கில் 2007-ல் அதோட தொடர்புடைய ஒரு நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கிச்சு. 1999-ல இருந்து 2021 வரைக்கும் அமெரிக்காவில் ஓபியாய்டு அளவு மீறி இறந்தவங்க சுமார் 6 லட்சத்து 45 ஆயிரம் பேர். கள்ளச்சந்தை ஹெராயின், ஃபென்டனில் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஒரு கடிதம் மட்டும் காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா டாக்டர்கள் பயமில்லாம பேனாவை எடுக்க அந்த வாக்கியம் உதவியிருக்கு.

இன்னைக்கு அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட நடைக் கையேடே பொதுவா செய்வினையில எழுதச் சொல்லுது.

இப்ப திரும்ப நம்ம கேஷுவால்ட்டிக்கு வருவோம். இந்த வாக்கியம் இங்க எங்க உடையுதுன்னு பார்க்கணும்.

கல்யாணமாகி மூணு வருஷம் ஆன ஒரு பெண். உடம்பெல்லாம் தீக்காயம். “சமைக்கும்போது ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லப்படுகிறது.”

இலக்கணம் சரி. சட்டப்படியும் பொய் இல்ல. ஆனா யார் சொன்னது? அந்தப் பெண்ணா? கணவரா? மாமியாரா? ஆட்டோ டிரைவரா?

அந்த ஒரு சொல் இல்லாட்டி, அந்த வரி யாரை வேணும்னாலும் காப்பாத்தும், அந்தப் பெண்ணைத் தவிர. இந்தியாவில் வரதட்சணைக் கொடுமைக்கு 1983-ல் 498ஏ பிரிவும், வரதட்சணைச் சாவுக்கு 1986-ல் 304பி பிரிவும் வந்ததுக்குப் பின்னாடி இருந்த சாவுகள்ல எத்தனையோ, முதல்ல ‘ஸ்டவ் வெடிப்பு’ன்னு சொல்லப்பட்டவைதான்.

அதனால அந்தப் பெண் நினைவோட இருந்தா, சொந்தக்காரங்களை வெளிய அனுப்பிட்டு அவங்ககிட்டயே கேட்கணும். “நோயாளி தானே கூறியது” அல்லது “அழைத்து வந்த கணவர் கூறியது” என்று எழுதணும். கூடுதலா ரெண்டு மூணு சொல். விசாரணைக்கு வர்ற மாஜிஸ்ட்ரேட்டுக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் அதுதான் முதல் பிடி.

சாலை விபத்துலயும் இதே கதைதான். கார் இடிச்சிருக்கும். தூக்கிட்டு வந்தவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். “பைக்ல இருந்து தானா விழுந்துட்டார் போல சார்”னு சொல்லுவார். அது ஏ.ஆர்.ல ஏறிடும். பின்னாடி நஷ்டஈடு வழக்குல இன்சூரன்ஸ் தரப்பு முதல்ல கையில எடுக்கிறது அந்தத் தாளைத்தான்.

பொதுமக்களுக்கு நான் கேட்டுக்கிறது நாலு விஷயம்.

1. பேச முடிஞ்சா பாதிக்கப்பட்டவரே டாக்டர்கிட்ட சொல்லட்டும். பக்கத்துல இருக்கிறவங்க முந்திக்கிட்டுப் பதில் சொல்லாதீங்க.

2. கூட்டிட்டு வந்தவர், பார்த்ததை மட்டும் சொல்லுங்க. பார்க்கலன்னா “நான் பார்க்கல, அங்க இருந்தவங்க சொன்னாங்க”ன்னு சொல்லுங்க. அதுல எந்த அவமானமும் இல்ல.

3. ஏ.ஆர். காப்பி கிடைச்சா தேதி, நேரம், இடம், எப்படி நடந்தது, யார் சொன்னதுன்னு பாருங்க. தப்பா இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சுச் சொன்னா யோசிச்சுச் சேர்த்த கதை மாதிரி தெரியும்.

4. “இந்தக் கஷாயம் சர்க்கரை நோயைக் குணப்படுத்துவது நிரூபிக்கப்பட்டுள்ளது”ன்னு வாட்ஸ்அப்ல வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “யாரால?” பதில் இல்லாட்டி ஃபார்வர்டு பண்ணாதீங்க.

என்னைப் போல கேஷுவால்ட்டி டூட்டி பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு ஒண்ணே ஒண்ணு. ராத்திரி ரெண்டு மணி, வெளிய இருபது பேர் நிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும். ‘அலீஜ்டு’ எழுதுங்க, தப்பே இல்ல. அதுக்குப் பக்கத்துல ‘யார் சொன்னது’ன்னு மட்டும் சேர்த்து எழுதிடுங்க. பத்து செகண்ட் வேலைதான்.

ஏ.ஆர். பத்தி வேற சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. டூட்டி முடிஞ்சதும் பதில் போடுறேன்.