பூனைக்கு மணி கட்ட மறுத்த கவர்னர்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாம் பழமொழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1949-ல் நிஜமாகவே சட்டசபை வரைக்கும் போயிருக்கிறது. மசோதா நிறைவேறி கவர்னர் மேசைக்கும் வந்தது. அவர் ஒரு கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். (அங்கே கவர்னர் என்றால் நம்ம ஊர் முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டு போட்டு வர்றவர்.)

கொஞ்சம் முன்கதை. அப்போது பறவைகளைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் வெறும் அழகுக்காகக் கிளம்பவில்லை. பூச்சி தின்னும் பறவைகள் விவசாயிக்குச் சம்பளம் வாங்காத வேலைக்காரர்கள். அவற்றைப் பூனை தின்றால் நஷ்டம் வயலுக்கு. எட்வர்ட் ஹோ ஃபோர்புஷ் என்று ஒருவர், மாசசூசெட்ஸ் மாநில அரசின் பறவையியலாளர். வீட்டுப்பூனையைப் பற்றி 1916-ல் ஒரு முழு அரசு அறிக்கையே எழுதினார். தலைப்பிலேயே பூனைக்குப் பறவைக்கொல்லி என்று பட்டம் கொடுத்துவிட்டார். எலி பிடிக்கும் என்பதையும் அதே தலைப்பில் ஒத்துக்கொண்டார், அது வேற விஷயம் :-)

இல்லினாய் மசோதாவின் பெயரும் இதே ரூட்டுதான்: பூனைகளைக் கட்டுப்படுத்திப் பூச்சியுண்ணும் பறவைகளைக் காக்கும் சட்டம். பல கூட்டத்தொடர்களில் வந்து வந்து போன மசோதா அது, பாதிப்பேருக்கு ஜோக். உள்ளே என்ன இருந்தது? பூனையை வீட்டு எல்லை தாண்டி விட்டால் உரிமையாளருக்கு அபராதம். வெளியே திரியும் பூனையை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், பொறி வைக்கலாம், போலீஸைக் கூப்பிட்டு அடைக்கவும் சொல்லலாம். நகரம், கிராமம், பண்ணை என்று எல்லா இடத்துக்கும் ஒரே சட்டம்.

அப்போதைய கவர்னர் அட்லாய் ஸ்டீவன்சன். பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பின்னாளில் 1952, 1956 இரண்டு தேர்தலிலும் ஐசன்ஹோவரிடம் தோற்றவர். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது ஐ.நா. சபையில் சோவியத் தூதரை மடக்கியவர். 1949 ஏப்ரல் 23 அன்று மசோதாவை நிராகரித்து அவர் எழுதிய கடிதம் இன்றைக்குப் படித்தாலும் சிரிப்பு வரும். ஆனால் சிரிப்புக்குள் அவர் வைத்த வாதங்கள் சீரியஸானவை. கொஞ்ச நேரம் தனியாகச் சுற்றுவது பூனையின் இயல்பு. பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போகிற பூனையைப் பொதுத்தொல்லை என்று அரசே அறிவிக்க முடியாது. சட்டம் வந்தால் பொறியோடு அலைகிறவர்களுக்குக் கொண்டாட்டம், அண்டை வீட்டாருக்குள் பகைதான் மிஞ்சும். பண்ணையில் எலி பிடிக்கிற பூனை வேலி எல்லை பார்த்து வேலை செய்யாது. இதற்குச் சட்டம் போட்டால் நாளைக்கு நாய்-பூனைச் சண்டை, ஏன், பறவை-புழுச் சண்டைக்குக்கூடப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள்.

அவர் சொன்னதில் முக்கால்வாசி சரி. விட்டுப்போன கால்வாசி பறவை பக்கம். பறவை-பூனைச் சண்டை காலங்காலமாக இருப்பது என்று அவர் சொன்னது அமெரிக்காவுக்குப் பொருந்தாது. வீட்டுப்பூனை அங்கே ஐரோப்பியர்களோடு கப்பலில் போய் இறங்கியது. இரை குறைந்தால் காட்டு வேட்டைமிருகத்தின் எண்ணிக்கையும் குறையும். வீட்டில் கிண்ணம் நிறையச் சாப்பாடு கிடைக்கும் பூனைக்கு அந்தக் கணக்கு கிடையாது. அமெரிக்காவில் பூனைகள் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்கின்றன என்று 2013-ல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது.

ஸ்டீவன்சன் வேண்டாம் என்ற சட்டம் பிறகு வேறு இடங்களில் வந்தேவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஷெர்புரூக் பகுதியில் லயர்பறவையைக் காக்க 1991-ல் பூனைகளுக்கு ஊரடங்கு. ஜெர்மனியில் வால்டார்ஃப் (நம்ம எஸ்.ஏ.பி. மக்களுக்குத் தெரிந்த ஊர்தான்) நகரின் ஒரு பகுதியில், கொண்டை வானம்பாடி கூடு கட்டும் காலத்தில் பூனைகள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று 2022-ல் உத்தரவு. மீறினால் 500 யூரோ; பறவை செத்தால் 50,000 யூரோ வரைக்கும் போகலாம் என்று அப்போது அறிவித்திருந்தார்கள்.

சட்டம் இல்லாத இடத்தில்? மணியிலிருந்தே ஆரம்பிப்போம். பிரிட்டனில் 2005-ல் வெளியான ஆய்வில் மணி கட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் 41% குறைந்தன. ஆனால் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 355 பூனைகளை வைத்துச் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில் மணியால் பலன் தெரியவில்லை. இறைச்சி அதிகமுள்ள தரமான சாப்பாடு போட்டதில் வேட்டை 36% குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டியதில் 25%. பளிச்சென்ற நிறத்தில் துணிப்பட்டை மாட்டியதில் பறவைகள் மட்டும் 42% குறைந்தன. பூனை பதுங்கி வருவது பறவை கண்ணுக்கு முன்னாடியே பட்டுவிடுகிறது. பூனைக்கு ஒரு கீறல் கிடையாது.

இதெல்லாம் பூனை வளர்க்கிறவர் செய்ய வேண்டியது. பேர்ட் ஃபீடர் தொங்கவிடுகிற என்னை மாதிரி ஆட்களுக்கும் பங்கு உண்டு. பறவைகளை ஒரே இடத்துக்கு வரவழைப்பதே நாம்தானே? ஃபீடரைப் புதரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வைத்தால் பூனைக்குப் பதுங்க இடமில்லை. கம்பத்தில் கூம்பு மாதிரித் தகடு மாட்டினால் ஏற முடியாது. கீழே சிந்தும் தானியத்தைக் கூட்டிவிட வேண்டும், தரையில் மேயும் பறவைதான் முதலில் மாட்டும். அப்படியும் பறவை செத்துக்கொண்டிருந்தால் ஃபீடரைக் கொஞ்ச நாள் கழற்றி வைப்பதுதான் நியாயம்.

நான் இப்போது குடியிருப்பதும் அதே இல்லினாய்தான். என் பங்கை முடித்தாச்சு. ஆரஞ்சு கலரில் ஒரு துணிப்பட்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம், சண்டை வராமல், எப்படிக் கொடுப்பது? ஸ்டீவன்சன் பயந்தது இந்த இடத்துக்குத்தான். அனுபவஸ்தர்கள் பின்னூட்டத்தில் வழி சொல்லுங்க மக்களே!