வில்லின் உதைப்பும் அம்பின் குறியும்

வில் என்றவுடன் சேரர் கொடி நம் நினைவிற்கு வருகின்றது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிற் கிடைத்த சேரர் செப்புக் காசுகளிலும் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டுள்ளன. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி, ஓரம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான் என்று வன்பரணர் புறநானூற்றிற் பாடியுள்ளார். இச்செய்தியைச் சொன்னால் நம் காலனிச் சிறுவர் கேட்கும் வினா ஒன்றே: "அவனுக்கு அவ்வளவு பலமா?" பலம் மட்டும் போதுமா என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம். யாம் புலவரல்லோம், இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதுவோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

ஊரில் வில்வண்டி ஏறியவர் அறிவர். மேடுபள்ளத்தின் அதிர்ச்சியை வண்டியின் வில் தான் வாங்கிக்கொண்டு நம்மைக் காக்கும். 1915 முதல் இயங்கிவரும் நமது மாட்டுங்காப் பணிமனைக்கு வரும் இரயில் பெட்டிகளின் சுருள்வில் செய்வதும் அதுவே. போர்வில்லின் கடமையோ இதற்கு மாறானது. தான் வாங்கிய விசையை அது அம்பினிடம் ஒப்படைத்தல் வேண்டும். ஒப்படைக்காத மிச்சம் வில்லிலேயே தங்கி, அதிர்ச்சியாகி, வில்லாளியின் கையை உதைக்கும். வில்லின் முனைகள் கனமாயின் மிச்சம் மிகும். மெலிந்து இலேசாயின் குறையும்.

அம்பு நாணை விட்டுப் பிரிய ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. அப்படியாயின் பின்னர் வரும் உதைப்பினால் கேடென்ன எனலாம். அவ்வுதைப்பிற்கு அஞ்சும் கை, முன்னதாகவே பிடியை இறுக்குகின்றது; இறுகிய பிடியில் வில் திரும்பிவிடுகின்றது. ஒலிம்பிக் பந்தயத்தில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் உள்ளது. அதன் குறுக்களவு 122 செண்டிமீட்டர். நடுவிலிருந்து அரைப் பாகை பிசகினாலே அம்பு இலக்கின் விளிம்பிற்குச் சென்றுவிடும். ஆதலின் இக்கால வீரர் வில்லை இறுகப் பிடிப்பதில்லை. வில் கீழே விழாதபடி கையில் ஒரு வாரை மாட்டிக்கொள்கின்றனர். அதிர்வை அடக்க, முன்புறம் கனமுள்ள நீண்ட தண்டினைப் பொருத்துகின்றனர்.

வில்லின் அமைப்பு போர்க்களத்திலேயே வீரரைக் கைவிட்ட வரலாறும் உண்டு. கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸ் மன்னன் அலெக்சாந்தரை எதிர்த்தான். இந்தியர் வில் ஆளுயரம் உடையது, அதைத் தரையில் ஊன்றி இடக்காலால் அணைத்து நாணை இழுப்பர், அதன் அம்பினைக் கேடயமும் கவசமும் தாங்கா என்று அரியன் எழுதியுள்ளார். அத்துணை வலிய வில்லுக்கு நிலமே துணை. ஆனால் முன்னிரவில் பெருமழை பெய்திருந்தது. வழுக்கும் தரையில் வில்லை ஊன்ற இயலாமல் வில்லாளிகள் தவித்தனர் என்கிறார் உரோம ஆசிரியர் கர்ட்டியஸ். போரஸின் தோல்விக்கு வேறு காரணங்களும் உள. ஆயினும் அவ்வில்லாளிகளைக் கோழையர் என்பது அறமாகாது. அவர்தம் தோள் தளரவில்லை. வில் நிற்க இடமின்றிப் போயிற்று.

வல்வில் ஓரியும் ஒருநாள் மலையமான் திருமுடிக்காரியிடம் போரில் வீழ்ந்தான். வென்றோரைப் புகழ்வதும் தோற்றோரை இகழ்வதும் எளிது. அவர் கையிலிருந்த கருவியையும் காலடியிலிருந்த நிலத்தையும் எண்ணிப் பார்ப்பதே வரலாறு கற்பதன் பயன். இனி நம் சிறுவர், "அவனுக்கு அவ்வளவு பலமா?" என்று கேட்பாராயின், "பலமும் உண்டு, வில்லை அறிந்த கையும் உண்டு" என்று விடை கூறுவோமாக.