கெப்பிளரின் உவகையும் எட்டுக் கலையும்

உணர்ச்சி கவிஞனுக்கு உரியது, அறிவியலாளனுக்கு ஆகாதது என்னும் எண்ணம் கற்றோரிடையேயும் வேரூன்றிக் கிடக்கின்றது. பாட்டும் ஓவியமும் உள்ளக் கிளர்ச்சியிற் பிறப்பன. கணிதமும் வானியலும் அக்கிளர்ச்சி அடங்கிய பின்னரே தொடங்குவன என்பர். இக்கூற்று எத்துணை உண்மையுடையது என்று ஆராயப் புகுவார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அறிவியலாளர் தாம் கண்ட முடிபை எழுதிவைப்பர். அதனை நாடிச் சென்ற காலத்துத் தம் உள்ளம் பட்ட பாட்டை எழுதிவைப்பதில்லை. நியூற்றன் 1687 இல் வெளியிட்ட பெருநூலைப் பயில்வோர், அதனை இயற்றிய நாளில் அவர் மகிழ்ந்தாரோ வருந்தினாரோ என்பதை அந்நூலினின்றும் அறியமாட்டார். இவ்வழக்கிற்குப் புறம்பாக நின்றவர் செருமானிய வானியலறிஞர் யொகான்னஸ் கெப்பிளர் (1571 - 1630). தாம் சென்றடைந்த இடத்தை மட்டுமன்றி, வழிதப்பி அலைந்த இடங்களையும், அவ்வலைச்சலில் எய்திய உவகையையும் சலிப்பையும் அவர் தம் நூல்களிலேயே கூறிச் சென்றார். ஆக்கச் சிந்தனையில் உணர்ச்சிக்குரிய பங்கு யாது என அறிய விழைவார்க்கு அவர் வரலாறு அரியதொரு சான்றாகும்.

1594 இல் கெப்பிளர் ஒஸ்திரியாவிலுள்ள கிராற்ஸ் நகரின் புரட்டஸ்தாந்தப் பாடசாலையிற் கணித ஆசிரியரானார். கணிதம் கற்க வந்த மாணாக்கர் மிகச் சிலரே. 1595 ஆம் ஆண்டு யூலை மாதம் 19 ஆம் திகதி, வியாழனும் சனியும் வானில் ஒன்றுகூடும் இடங்களை வகுப்பில் வட்டமொன்றனுள் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். அவ்விடங்களை இணைத்த கோடுகள் பல முக்கோணங்களாக அமைந்து, அவற்றின் நடுவே சிறியதோர் உள்வட்டத்தை உருவாக்கின. அவ்விரு வட்டங்களின் அளவு விகிதம் சனி, வியாழன் ஆகிய இரண்டின் பாதைகளுக்கிடையேயுள்ள விகிதத்தை ஏறக்குறைய ஒத்திருக்கக் கண்டு திடுக்குற்றார். கோள்கள் ஆறாக இருப்பது ஏன்? அவற்றின் இடைத்தூரங்கள் இவ்வாறு அமைந்தது ஏன்? தளவுருவங்களைக் கொண்டு விடை காண முயன்று தோற்றபின், திண்மங்களை நாடினார். ஒழுங்கான திண்மங்கள் ஐந்தே. ஆறு கோள்களுக்கு இடைவெளிகளும் ஐந்தே. சனிக்கும் வியாழனுக்கும் இடையே சதுரமுகி, வியாழனுக்கும் செவ்வாய்க்கும் இடையே நான்முகி, அதனையடுத்துப் பன்னிருமுகி, இருபதுமுகி, எண்முகி என்று அடுக்கிப் பார்த்தார். தூரங்கள் பெரும்பாலும் பொருந்துவன போலத் தோன்றின.

அப்பொழுது எய்திய இன்பம் சொல்லில் அடங்காதது என அவர் எழுதினார். இழந்த காலத்திற்கு இரங்கவில்லை, உழைப்புக்கு அஞ்சவில்லை, இரவும் பகலும் கணக்கிட்டார். 1596 இல் அக்கொள்கையை ஒரு நூலாக வெளியிட்டார். அம்மட்டோ? அதே ஆண்டில், தம் கொள்கையை வெள்ளிக் கிண்ணமாகச் செய்வித்தளிக்குமாறு வூர்ட்டம்பேர்க் கோமகனையும் வேண்டினார்! இருபத்து நான்கு வயது இளைஞரின் களிப்பு அத்தகையது. (கிண்ணம் முற்றுப்பெறவில்லை.)

அக்கொள்கை பிழையானது. 1781 இல் யுரேனஸும் 1846 இல் நெப்தியூனும் கண்டறியப்பட்டபோது, கோள்கள் ஆறே என்னும் அதன் அடிப்படையே தகர்ந்தது. எனினும் அவ்வுவகை வீண்போயிற்று என்று கூறுதல் பொருந்தாது. இன்பம் அவருக்கு மெய்யான விடையைத் தரவில்லை. ஆனால் வினாவை விட்டகலாதபடி அவரைப் பிணித்தது. கணக்கிற்கும் கொள்கைக்கும் இடையே எஞ்சிய சிறு வேறுபாடுகள் அவரை உறுத்தின. அவற்றைத் தீர்த்தற்கு நுண்ணிய அளவீடுகள் வேண்டும். அவையோ தைக்கோ பிராகி என்னும் தென்மார்க்குப் பிரபுவிடமே இருந்தன. தொலைநோக்கி தோன்றுமுன், உவென் தீவில் இருபதாண்டுகளாக வானைக் கண்ணால் அளந்தவர் அவர். 1600 இல் கெப்பிளர் அவரிடம் சென்றார். அதே ஆண்டில் மதக் காழ்ப்பின் விளைவாகக் கிராற்ஸ் நகரினின்றும் வெளியேற்றப்பட்டுப் பிராக் நகரிற் குடியேறினார். இருவர் உறவும் இனிதாக அமைந்ததெனக் கூறவியலாது. பிராகி தம் அளவீடுகளைக் காத்துவைத்துச் சிறிது சிறிதாகவே காட்டினார். கெப்பிளர் சினந்து பிரிந்து, பின்னர் மன்னிப்பு வேண்டி மீண்டார். 1601 இல் பிராகி இறக்கவே, அவருடைய அளவீடுகள் கெப்பிளரின் கைக்கு வந்தன.

இங்கேதான் அவர் வரலாறு ஆழங்கொள்கின்றது. செவ்வாயின் பாதை வட்டமே எனக்கொண்டு, ஒரே கணக்கை எழுபது முறைக்குக் குறையாது செய்தார். இதைப் படித்துச் சலிப்போர், இதைச் செய்த தமக்கு இரங்கவேண்டுமென்று நூலிலே எழுதினார். ஈற்றில் எஞ்சிய வழு 8 கலை. ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கே கலை. வானத்து முழுமதியின் விட்டத்திலே ஏறக்குறைய நாலிலொரு பங்குதான் அவ்வழு. பண்டைய தொலமியின் அளவீடுகளில் 10 கலை வரை பிழை நேர்தல் இயல்பு. ஆதலின் தொலமியின் காலத்தவர் ஒருவர் இதனைப் பொருட்படுத்தியிரார். கெப்பிளரும் கண்ணை மூடியிருக்கலாம். மூடவில்லை. இறையருள் பிராகியைப் போன்ற நுண்ணிய நோக்காளரைத் தந்திருக்க, அக்கொடையை நன்றியுள்ளத்தோடு ஏற்றுப் பயன்கொள்ளுதலே முறை என்று கூறித் தம் ஆண்டுக்கணக்கான உழைப்பைத் தாமே ஒதுக்கினார். எதனால்? தருக்கம் மட்டும் அவரை அவ்வாறு பணித்ததன்று. அளவீட்டின் நுண்மையைத் தருக்கம் காட்டியது. அதனைப் புறக்கணித்தல் நன்றிகொன்ற செயலாகும் என்பதை உள்ளமே உணர்த்தியது. உவகை கட்டியெழுப்பியது, நன்றியுணர்வு இடித்தது. இடித்த இடத்திலேதான், கோளின் பாதை நீள்வளையம் என்னும் உண்மை 1605 அளவில் எழுந்து 1609 இல் நூலாயிற்று.

துயரமும் அவர் வாழ்விற் குறைவின்றி இருந்தது. 1611 இல் மகன் ஒருவன் அம்மை நோயால் மாண்டான்; அதே ஆண்டில் மனைவியும் இறந்தார். 1612 இல் லின்ஸ் நகருக்குப் பெயர்ந்தார். 1615 முதல் அவர் தாயார்மீது சூனியக்காரி என்னும் பழி சுமத்தப்பட்டது. 1618 பெப்ருவரியிற் சிறுமகள் காதரினா இறந்தாள். அவ்வேளை, கோள்களின் நிலைகளைக் கணிக்கும் அட்டவணை வேலைக்கு வேண்டிய அமைதி தம்மிடம் இல்லையென அதனை நிறுத்திவைத்து, உலகின் ஒத்திசைவை ஆராயும் நூலுக்குத் தம் மனத்தைத் திருப்பினார். மார்ச் மாதம் 8 ஆம் திகதி ஒரு விதி அவருக்குத் தோன்றிற்று. கணக்குப் பிழைத்தமையால் அதனைத் தள்ளினார். மே மாதம் 15 ஆம் திகதி அது மீண்டும் தோன்றி அவரை வென்றது. கனவோ என முதலில் ஐயுற்றாராம். கோளொன்று ஞாயிற்றைச் சுற்றும் காலத்தின் வர்க்கம், அதன் சராசரித் தூரத்தின் கனத்திற்கு நேர்விகிதமாகும் என்பதே அவ்விதி. வியாழனின் தூரம் பூமியின் தூரத்தைப் போல் 5.2 மடங்கு, அதன் கனம் 140.6. அது சுற்றும் காலம் 11.86 ஆண்டு, அதன் வர்க்கம் 140.7.

மகளை இழந்த துயரமே இவ்விதியைத் தந்தது என்று கூறுவது கதை சொல்வார்க்கு இனிக்கலாம். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. துயரம் அவரை ஒரு வேலையினின்றும் இன்னொன்றுக்குத் திருப்பிற்று, அவ்வளவே. தூரங்கள் இவ்வாறு அமைந்தது ஏன் என்று 1595 இல் எழுந்த வினா இருபத்து மூன்று ஆண்டுகள் அவருள்ளே உயிரோடிருந்தமையால், திரும்பிய இடத்தில் அது விடைக்காகக் காத்திருந்தது. அவ்விதியைத் தாங்குதற்குத் திண்மங்கள் எவையும் வேண்டியதில்லை. பிற்காலத்தில் நியூற்றன் தம் ஈர்ப்பு விதிக்கு அதனைத் துணைக்கொண்டார்.

1621 இல், சிறையிலிருந்த தாயாரின் விடுதலைக்காக அவர் வழக்காடிக்கொண்டிருந்த அவ்வாண்டிலேயே, இளமையில் எழுதிய முதல் நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. கெப்பிளர் மூலத்தைத் திருத்தாது விட்டு, பிழைபட்ட இடங்களுக்குக் குறிப்புகள் மட்டும் சேர்த்தார். தாம் பின்னர் வெளியிட்ட வானியல் நூல்கள் ஏறக்குறைய யாவும் அச்சிறு நூலின் ஏதேனுமோர் அதிகாரத்தைத் தொட்டு எழுந்தவையே என்றும் குறித்தார். ஐந்து திண்மங்களை அவர் இறுதிவரை கைவிடவில்லை.